ஆறு ஜாடி ஈ

"கை கழுவினியா?"

அந்தப் பண்ணையில் காலை வணக்கம் என்றால் இதுதான். முதலாளி இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. பால் கறப்பவரைக் கேட்பார், மாட்டு டாக்டரைக் கேட்பார், தீவனம் இறக்க வந்த லாரிக்காரரைக் கேட்பார். மின்சார மீட்டர் பார்க்க வந்த பெண்ணைக்கூட ஒருநாள் கேட்டுவிட்டார். "மீட்டரையா சார் கறக்கப்போறேன்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

சுற்றுவட்டாரத்தில் அவருக்குச் 'சுத்தம்' என்று பெயர். முகத்துக்கு நேரே முதலாளி, முதுகுக்குப் பின்னால் சுத்தம். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்தது. அவர் கோபப்படவில்லை, ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்துபோனார். கேலி எது, பாராட்டு எது என்று பிரித்துப் பார்க்கும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அவருடைய பால் அறையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வெட்கப்படும். வெள்ளை ஓடு பதித்த சுவர், பளபளவென்று எஃகுத் தொட்டி, தரையில் வழுக்கி விழும் அளவுக்குச் சுத்தம். கறவை முடிந்ததும் கறவை இயந்திரத்தின் ரப்பர் குழல்களைச் சோப்பு நீரில் கழுவி, வெந்நீரில் அலசி, சுவரோரம் வரிசையாக ஆணிகளில் மாட்டிவிடுவார்கள். அடுத்த கறவை வரை அவை அங்கேயே காயும். சுவர் முழுக்க அவர் கைப்பட எழுதிய பலகைகள். 'செருப்பு வெளியே.' 'பேச்சு வெளியே.' 'தும்மல் வெளியே.' தும்மலை எப்படி முன்கூட்டியே வெளியே கொண்டுபோய் நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு பலகை வந்துவிடும்.

இந்த ராஜ்ஜியத்தின் எல்லை பால் அறைச் சுவரோடு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தொழுவத்துக்குப் பின்னால், சாணக் குவியல் ஒன்று ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. நல்ல எரு, இன்னும் கொஞ்சம் மக்கட்டும் என்று அதை அப்படியே விட்டிருந்தார். அது மக்கியதோ இல்லையோ, கோடை பிறந்ததும் அதற்குள்ளிருந்து ஈ பிறந்தது. மாட்டின் கண்ணில் ஈ, முதுகில் ஈ, முதலாளியின் மூக்கில் ஈ.

அவர் போர் அறிவித்தார். சாணத்தை அள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் போடுவதெல்லாம் சாதாரண ஆட்கள் செய்கிற வேலை. இவர் போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒரு கலவை கண்டுபிடித்தார். புளித்த பால், மீன் தலை, சர்க்கரை, எல்லாவற்றையும் வாளியில் கலக்கி வெயிலில் வைத்தார். வாளி பொங்கி நுரைத்த அன்று அவர் மனைவி வீட்டு ஜன்னல் அத்தனையையும் அடைத்தாள். அந்தக் கலவையைப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் பாதியளவு ஊற்றி, வாயில் புனல் வைத்து மூடினார். நாற்றத்துக்கு மயங்கிப் புனல் வழியாக உள்ளே போகிற ஈ வெளியே வரத் தெரியாமல் மூழ்கிச் சாகும். அதுவரைக்கும் கணக்கு சரிதான்.

ஜாடியை எங்கே தொங்கவிடுவது? ஈ வரவே கூடாத இடம் எது? பால் அறை. அப்படியென்றால் பொறியும் அங்கேதானே இருக்க வேண்டும்! ரப்பர் குழல்கள் காய்கிற ஆணி வரிசைக்கு நேர் மேலே, கூரையில் இரும்புக் கொக்கிகள் தயாராக இருந்தன. இரண்டு ஜாடிகளைத் தொங்கவிட்டார்.

மறுநாள் பார்த்தால் ஏழே ஏழு ஈ. அவருக்கு முகம் சுண்டிப்போனது. பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுத் திருடனுக்காகக் காத்திருப்பவரைப் போல ஜாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல்களில் கம்பி வலை அடித்திருந்தது. உடனே தச்சரைக் கூப்பிட்டார்.

"வலையை எடுக்கணுமா?" என்றார் தச்சர். "ஈ உள்ள வருமே சார்."

"வரணும்யா. வந்தாத்தானே ஜாடிக்குள்ள விழும்?"

தச்சர் சுத்தியலால் வலையைத் தொட்டுக் காட்டினார். "அப்போ இதுவரைக்கும் வலை எதுக்கு சார் இருந்தது?"

"அதான் தப்புங்கறேன். வலை இருந்ததாலதான் ஏழு ஈக்கு மேல மாட்டல. கழட்டுய்யா."

தச்சர் கழற்றினார். போகும்போது, "இந்த வலையை நான் எடுத்துக்கவா சார்? எங்க வீட்டு சமையக்கட்டு ஜன்னலுக்குச் சரியா இருக்கும்" என்று கேட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே ஜாடி கறுத்துவிட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்துவந்து காட்டினார். "பாத்தீங்களா? அத்தனையும் ஈ! என் பால் அறைக்குள்ள ஈ காக்கா நுழைய முடியாது." அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஈ அவர் சட்டைக் காலரிலிருந்து எழும்பி, ஜாடியை ஒரு சுற்று சுற்றி, உள்ளே போகப் பிடிக்காமல் கீழே ரப்பர் குழலின் வாயில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜாடிக்குள் செத்துக் கிடப்பதைத்தானே எல்லோரும் பார்த்தார்கள்! இரண்டு ஜாடி நான்காயிற்று.

சீஸ் கம்பெனியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது அதற்குப் பிறகுதான். அவருடைய பால் முழுவதையும் அந்தக் கம்பெனிதான் வாங்கியது. தினமும் காலையில் டேங்கர் வரும், ஒரு குப்பியில் மாதிரி எடுக்கும், மீதியை உறிஞ்சிக்கொண்டு போகும். 'உங்கள் பாலில் கிருமி எண்ணிக்கை அளவுக்கு மேல் உள்ளது' என்றது செய்தி. அவர் அதை இரண்டு முறை படித்தார். என் பாலிலா? என்னுடைய பாலிலா?

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் கறாராக வந்தது. இன்னொரு முறை இப்படியானால் டேங்கர் வாசலில் நிற்காது. அந்தப் பகுதியில் இவ்வளவு பாலை வாங்க வேறு ஆள் கிடையாது. டேங்கர் வராமல் போனால் இருபத்திரண்டு மாடுகளையும் விற்க வேண்டியதுதான். முதலாளி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார். மாட்டை மோந்து பார்த்தார், வேலையாட்களின் நகத்தைப் பார்த்தார், வடிகட்டித் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் யாரையும் தேடவில்லை. ஆள் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தேடினார்.

ஆள் மைத்துனன். மனைவியின் தம்பி. கல்யாணமான புதிதில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன், மாடுகளோடு பழகி அப்படியே தங்கிவிட்டான். இரண்டு வேளையும் கறப்பவன் அவன்தான். சுருதி சேராமல் பாடிக்கொண்டே கறப்பான், ஈரக் கையைக் கால்சட்டையின் பின்பக்கம் துடைப்பான், கேட்டால் மட்டும் கை கழுவுவான், சில நாள் கேட்டாலும் கழுவமாட்டான். அவனை உத்தமன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் குரல் கேட்டால் மாடுகள் பால் சுரந்தன, முதலாளியின் குரல் கேட்டால் சாணி போட்டன. இது முதலாளிக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

மதியச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்தார்.

"மச்சான், இனிமே நீ தொழுவத்துப் பக்கம் வர வேண்டாம்."

"ஏன் மாமா?"

"கையைக் காட்டு."

மைத்துனன் காட்டினான். நக இடுக்கில் கறுப்பாக அழுக்கு.

"இதான் ஏன்."

"அது கிரீஸுங்க," என்றாள் மனைவி. "காலையிலேர்ந்து உங்க டிராக்டருக்கு அடியிலதான் படுத்துக் கிடந்தான்."

"கிருமிக்கு டிராக்டர் எது, மாடு எதுன்னு தெரியுமா? என் கை சுத்தம். தொட்டி சுத்தம். அறை சுத்தம். அப்போ மீதி யாரு? நீயே சொல்லு."

மைத்துனன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். குழாயடியில் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கை கழுவினான். அவன் அப்படிக் கழுவி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பிறகு வந்து இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பி மாமாவிடம் காட்டினான். "போயிட்டு வரேன் அக்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டான். அவள் வாசல் வரை போனாள், தெருமுனை வரை அவன் முதுகைப் பார்த்தாள், அதற்குப் பிறகு கணவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தட்டு மேஜையில் விழுகிற சத்தம்தான் பேசியது.

முதலாளி அசரவில்லை. தானே கறக்க இறங்கினார். கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். மாடுகள் யாரோ ஊசி போட வந்துவிட்டார் என்று மிரண்டன, ஒன்று உதைத்தும்விட்டது. உதை வாங்கிய காலை நொண்டிக்கொண்டே போய், குழல்களைத் தன் கையாலேயே கழுவி மாட்டினார். இனிமேல் ஒரு கிருமி இருக்காது என்ற சந்தோஷத்தில் மேலும் இரண்டு ஜாடிகளைத் தொங்கவிட்டார். ஆக மொத்தம் ஆறு.

மூன்றாவது முடிவு வந்தது. கிருமி முன்பைவிட அதிகம்.

டேங்கர் வருவது நின்றது. காலையில் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடிக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. தொட்டிப் பாலை வாளி வாளியாகச் சாணக் குவியலுக்குப் பக்கத்துக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று. வெள்ளையாக ஊற்றினால் பச்சையாகக் கலங்கி, ஓரமெல்லாம் நுரைத்தது. ஈக்களுக்கு அன்று கொண்டாட்டம். சுத்தம் என்று பெயர் வாங்கியவர் பாலைச் சாணத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்வார்கள். இவர் முகத்தில் ஈ தாராளமாக ஆடியது, விரட்டத்தான் தெம்பில்லை.

கம்பெனி கடைசி வாய்ப்பாக ஓர் ஆளை அனுப்பியது. கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண், எல்லோரும் லேப் மேடம் என்று கூப்பிடுவார்கள். அவர் அறிக்கையைப் பொறுத்துத்தான் டேங்கர் மறுபடி வருமா, வராதா என்று முடிவு. ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் தட்டுகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு தட்டின் அடியிலும் கெட்டியான கூழ். கிருமி பட்டால் அது அதில் முளைத்துப் புள்ளியாகத் தெரியுமாம்.

"கை கழுவினீங்களா மேடம்?" என்றார் முதலாளி.

"கழுவினேன். நீங்க?"

"என்னைப் பாத்தா?" என்று அவர் உரக்கச் சிரித்தார். லேப் மேடம் சிரிக்கவில்லை. முதலாளியின் உள்ளங்கையை ஒரு தட்டில் பதிக்கச் சொன்னார். மாட்டு மடியை, தொட்டியை, குழாயை, எல்லாவற்றையும் பஞ்சால் தொட்டுத் தட்டுகளில் தடவினார். முதலாளி கூடவே நடந்து பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கடைசியில், நாடகத்தில் திரை விலக்குகிறவரைப் போல, ஜாடிகளைக் காட்டினார்.

"நானே கண்டுபிடிச்சது. ஆறு ஜாடி மேடம். ஆறும் ஃபுல்."

லேப் மேடம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஜாடிக்கு நேர் கீழே காய்ந்துகொண்டிருந்த ரப்பர் குழல்களைப் பார்த்தார். ஒவ்வொரு குழலின் வாயிலும் நாலைந்து ஈ, குழாயடியில் தண்ணீருக்கு நிற்கிற மாதிரி வரிசையாக. குழலின் உட்புறத்திலும் கறுப்பாக ஏதோ நகர்ந்தது.

"ஜன்னல்ல வலை இல்லையா?"

"இருந்தது. எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"ஈ உள்ள வரணும்ல மேடம்."

லேப் மேடம் பஞ்சை எடுத்தார். குழல்களின் உட்புறத்தைத் தொட்டு ஒரு தட்டு தயார் செய்தார். கடைசியாக ஒரு குப்பியால் ஓர் ஈயைப் பிடித்து, மிச்சமிருந்த தட்டின் மேல் கவிழ்த்து, அதைக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டார். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. அடுத்த சில நாட்கள் முதலாளி சரியாகச் சாப்பிடவில்லை, பாலைக் கொட்டப் போகும்போது மட்டும் வெளியே தெரிந்தார்.

லேப் மேடம் தட்டுகளோடு திரும்பி வந்து சாப்பாட்டு மேஜை மேல் பரப்பினார். மனைவியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது உங்க கை." தட்டு தெளிவாக இருந்தது. ரெண்டு மூணு புள்ளி. "ரொம்ப சுத்தமான கை."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார், மனைவியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"இது ரப்பர் குழல்." தட்டில் கூழே தெரியவில்லை, அம்மை போட்ட மாதிரி அடை அடையாகப் புள்ளி. "இது ஈ."

மூன்றாவது தட்டில் ஒரு கோடு ஓடியது. மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த கோடு. விளிம்பிலிருந்து கிளம்பி, நடுவில் நின்று, வட்டமடித்து, மறுபடி விளிம்புக்கு வந்திருந்தது. ஈ கால் வைத்த இடத்திலெல்லாம் கிருமி முளைத்திருந்தது. அது எங்கெங்கே தயங்கியது, எங்கே திரும்பியது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"சாணத்துல உக்காருது, அப்புறம் உங்க மீன் தலை வாசனைக்கு உள்ள வருது," என்றார் லேப் மேடம். "ஜாடிக்குள்ள ஆயிரம் விழுந்திருக்கும். விழாத பத்தாயிரம் அடுத்த கறவை வரைக்கும் குழல் மேலதான் நடந்துக்கிட்டு இருக்கு. நீங்க எவ்வளவு கழுவினாலும் அப்புறம் அதுங்க வந்து நடந்துட்டுப் போகுது. இப்படி ரத்தினக் கம்பளம் விரிச்சு ஈயை வரவேத்த பண்ணையை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல சார்."

முதலாளி குழல் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்போ என் மச்சான் கை?"

"அந்தக் கை இங்க இல்லையே, நான் எப்படிச் சொல்ல? ஆனா அவர் போனப்புறம் கிருமி குறையல, ஏறியிருக்கு. அவர் இருந்தப்ப எத்தனை ஜாடி?"

"நாலு," என்றாள் மனைவி. பல நாளுக்குப் பிறகு கணவன் இருக்கும் அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஜாடிகள் இறங்கின. சாணக் குவியலை இயந்திரம் வைத்து அள்ளித் தூரத்து வயலில் பரப்பினார்கள். தச்சர் புது வலையோடு வந்தார். "பழைய வலை இருந்தா செலவு மிச்சமாகியிருக்கும். ஆனா அது எங்க சமையக்கட்டுல இருக்கு சார். ஒரு ஈ கிடையாது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தார். முதலாளி ஒவ்வோர் அடியையும் தலையில் வாங்கிக்கொண்டார். லேப் மேடம் இன்னொரு முறை வந்து மாதிரி எடுத்துப் போனார். கிருமி எண்ணிக்கை விழுந்துவிட்டது, டேங்கர் நாளை முதல் வரும் என்று செய்தி வந்தது.

"அப்பாடா," என்றார் முதலாளி. "எல்லாம் இந்தப் பாழாப்போன ஈ பண்ணின வேலை."

மனைவி திரும்பினாள். "ஈ மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சுடலாம்னு பாக்காதீங்க. அதுங்களுக்கு ஜன்னலைத் தொறந்து விட்டது நீங்க. என் தம்பியை வாசல் வழியா அனுப்பினதும் நீங்க. போனைப் போடுங்க."

அவர் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். "மச்சான், கிருமியெல்லாம் போயிடுச்சு. நீ தாராளமா வரலாம்" என்றார், என்னவோ கிருமிதான் அவனைப் போகச் சொன்னது போல.

"எனக்கு வேலை கிடைச்சுடுச்சு மாமா," என்றான் மைத்துனன். "நாளைக்குக் காலையில பாக்கலாம்."

மறுநாள் காலை டேங்கர் கேட்டுக்குள் திரும்பியது. முதலாளி தொழுவத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கியவன் வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டிருந்தான். கையில் மாதிரி எடுக்கும் கரண்டி, குப்பி. சீஸ் கம்பெனியில் பால் மாதிரி எடுக்கப் புதிதாகச் சேர்ந்த ஆள். மைத்துனன்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"கை கழுவினீங்களா மாமா?"

குரலில் குத்தல் இல்லை. தொட்டி மூடியைத் திறக்கிறவரிடம் அப்படிக் கேட்டாக வேண்டும் என்பது கம்பெனி விதி, அவன் விதியைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் முதலாளி அன்று கை கழுவவில்லை. டேங்கர் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தார். தன் கையைப் பார்த்தார். டிரைவர் பார்த்தார். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி பார்த்தாள். இந்தக் கேள்வியை அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! அது தன் காதில் விழும்போது இப்படிச் சுடும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

மைத்துனன் அவசரமே இல்லாமல் குனிந்து பார்த்தான்.

"நகத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா," என்றான்.

அவர் மறுபடியும் குழாயடிக்குப் போனார்.